மாதம் 4,000 டாலர் தருகிறார்கள்: முன்னாள் பாராசூட் வீரர் கூலிப்படைக்குப் போகலாமா?

கேள்வி: வயது 41. கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கம் ஊர். பாராசூட் ரெஜிமெண்டில் 20 ஆண்டு பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்பே மொத்தமாக வாங்கியதற்கான கம்யூட்டேஷன் பிடித்தம் போக 26,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. வீட்டுக்கடன் பாக்கி 12 லட்சம். மாதத் தவணை 15,200, இன்னும் 10 ஆண்டு கட்ட வேண்டும். நகைக்கடன் 3 லட்சம். வங்கியில் 11 லட்சம் இருக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆப்பிரிக்காவில் சுரங்கக் காவல், தேவைப்பட்டால் அங்குள்ள படையோடு சண்டைக்கும் போக வேண்டும், மாதம் 4,000 டாலர், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்கிறார் ஒரு ஏஜென்ட். டூரிஸ்ட் விசாவில் அனுப்புவாராம். செலவுக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போகலாமா?

பதில்: போகாதீர்கள். 24 மாதச் சம்பளத்தைக் கூட்டினால் 80 லட்சத்தைத் தாண்டுகிறது. கண்ணைப் பறிக்கும் தொகைதான். ஆனால் அது முழுதும் கைக்கு வந்தால்தானே கணக்கு?

ராணுவத்தில் நீங்கள் விமானத்திலிருந்து குதித்தபோது உங்கள் பின்னால் ஒரு அரசாங்கம் நின்றது. காயம் என்றால் ராணுவ மருத்துவமனை, ஊனம் என்றால் அதற்கு ஓய்வூதியம், உயிர் போனால் மனைவிக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். கூலிப்படையில் அந்தப் பொறுப்பு அனைத்தும் உங்கள் வீட்டின் தலையில் விழும். தனிநபர் விபத்துக் காப்பீடு போரில் நேரும் சாவுக்குப் பணம் தராது. ஆயுள் காப்பீடு இருந்தாலும், காணாமல் போனவர் விஷயத்தில் ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கருதும். அதுவரை உங்கள் மனைவி பிரீமியமும் கட்டி, கோர்ட்டுக்கும் அலைய வேண்டும்.

பிடிபட்டால் இன்னும் மோசம். போர்க்கால விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 கூடுதல் நெறிமுறை, 47-வது பிரிவில், கூலிப்படையினருக்குப் போர்க்கைதி உரிமை இல்லை என்கிறது. பிரிட்டிஷ் பாராசூட் படையில் இருந்த கோஸ்டாஸ் ஜார்ஜியோ அங்கோலாவில் கூலிப்படைத் தலைவனாக இருந்து பிடிபட்டார். 1976 ஜூலை 10 அன்று லுவாண்டாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அன்று அவரோடு மேலும் மூவர் சுடப்பட்டார்கள். அதில் டேனியல் கியர்ஹார்ட் என்ற அமெரிக்கர் நான்கு பிள்ளைகளின் தகப்பன். கடன் நெருக்கடியில்தான் அந்த வேலைக்குப் போனார்.

நம் பக்கத்துக்கே வாருங்கள். 2013 அக்டோபரில் தூத்துக்குடி கடலில் மடக்கப்பட்ட 'சீமேன் கார்டு ஓஹியோ' கப்பலில் 35 பேர் இருந்தார்கள். கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்கள் அதில் இருந்தனர். பிரிட்டிஷ் முன்னாள் ராணுவத்தினர் மட்டும் ஆறு பேர். கூலிப்படைகூட இல்லை, வெறும் காவல் வேலை. ஆயுதங்களுக்கு உரிய அனுமதி இல்லை என்று வழக்கு. 2016 ஜனவரியில் ஐந்தாண்டு சிறைத்தண்டனை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. இடையில் போன நான்கு ஆண்டுகளில் ஊரில் குடும்பத்தார் நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் பேசிப் போனவர்கள்தான் அவர்களும்.

யாருக்கு எதிராகச் சுட வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னாரா? இந்தியாவோடு சமாதானத்தில் இருக்கும் ஒரு நாட்டு அரசுக்கு எதிராகப் போரிட்டால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 153-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகலாம். ஓய்வூதியமோ நன்னடத்தையை நிபந்தனையாகக் கொண்டது. கடும் குற்றத்தில் தண்டனை பெற்றால் அதை நிறுத்திவைக்க முடியும். சின்ன விஷயம் ஒன்றும் உண்டு: ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தராவிட்டால் ராணுவ ஓய்வூதியத் தளமான ஸ்பர்ஷ் வழியாக வரும் பணம் நின்றுவிடும். காட்டுக்குள் இருந்துகொண்டு யாரிடம் போய் விரல்ரேகை வைப்பீர்கள்?

இனி உங்கள் கடன். அது நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிதில்லை. 11 லட்சத்தில் 3 லட்சத்தைக் கொடுத்து நகையை இந்த வாரமே திருப்புங்கள். 3 லட்சத்தை மகளின் கல்லூரிச் செலவுக்கும் அவசரத்துக்கும் வைப்பு நிதியில் போடுங்கள். மீதி 5 லட்சத்தை வீட்டுக்கடன் அசலில் கட்டிவிட்டு, தவணையைக் குறைக்காமல் அதே 15,200 ரூபாயைத் தொடருங்கள். 9 சதவீத வட்டியில் பத்தாண்டுக் கடன் ஐந்தாண்டுக்குள் முடிந்துவிடும். வங்கியில் எழுதிக் கொடுக்கும்போது 'தவணைக்காலத்தைக் குறைக்கவும்' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் சில கிளைகளில் தவணைத்தொகையைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

தவணை போக மாதம் 10,800 மிஞ்சும்; குடும்பம் நடத்த அது போதாது, வேலை அவசியம்தான். ராணுவ நிலையங்களைக் காவல் காக்கும் டி.எஸ்.சி. படையில் மறுபடி சேர முடியுமா என்று முதலில் பாருங்கள். வயது வரம்பும் ஓய்வுக்குப் பிந்தைய கால வரம்பும் உண்டு, தள்ளிப்போடாதீர்கள். முன்னாள் படைவீரர்களுக்குக் காவல் வேலை தரும் தமிழக அரசின் டெக்ஸ்கோ நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இரண்டுக்கும் வழி கேட்கலாம். 4,000 டாலர் வராது. ஆனால் வருகிற சம்பளம் வீட்டுக்கு வந்து சேரும்.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் வேலை விசாவில், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் சரிபார்த்த ஏஜென்ட் வழியாக மட்டும் போங்கள். அவர்கள் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று ஆசைகாட்டி அழைத்துச்சென்ற இளைஞர்களைப் போர்முனைக்குத் தள்ளிய கும்பல் மீது 2024-இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது, திருவனந்தபுரம் கடற்கரைப் பையன்களும் அதில் சிக்கினார்கள். அந்த ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். இன்றே மனைவியிடம் காட்டுங்கள். புகார் கொடுக்க நேர்ந்தால் அவைதான் ஆதாரம்.