கார் வாஷில் வண்டி சேதமானால் முதல் பத்து நிமிடம்தான் முக்கியம்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தானியங்கி கார் வாஷுக்குள் நன்றாகப் போன வண்டி, வெளியே வரும்போது இடது பக்க சைடு மிரர் உடைந்து ஒயரில் தொங்கிக்கொண்டு வந்தது. கேட்டால், 'வாகனச் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டைக் காட்டுகிறார்கள். இனி என்ன செய்வது?

எனக்கு இப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. முதல் முறை ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை முழுச் செலவையும் கொடுத்தார்கள்.

முதல் முறை பானெட் முழுக்க மெல்லிய கோடுகள். மறுநாள் காலை வெயிலில்தான் கண்ணில் பட்டது. உடனே போய்க் கேட்டேன். "நேத்து இங்கேருந்து போனதுக்கு அப்புறம் வண்டி எங்கெங்கே நின்னுச்சோ சார்" என்றார் அங்கிருந்தவர். அதற்குப் பதில் சொல்ல என் கையில் எதுவுமே இல்லை. முன்னால் போன வண்டியின் மணல் பிரஷில் ஒட்டியிருந்தால் அடுத்த வண்டியில் இப்படித்தான் கோடு விழும். ஆனால் அதை ஒரு நாள் கழித்து எப்படி நிரூபிப்பது?

இரண்டாவது முறை பின்பக்க வைப்பர். மேலிருந்து இறங்கும் பிரஷ் அதைப் பிடித்து இழுத்து அடியோடு முறித்துவிட்டது. இந்த முறை வண்டியை வாசல் தாண்டி எடுக்கவில்லை. அடுத்த வண்டிக்கு வழிவிட்டு, வளாகத்துக்குள்ளேயே ஓரமாக நிறுத்தினேன். "ஏற்கெனவே லூசா இருந்திருக்கும்" என்றார் சூப்பர்வைசர். முறிந்த இடத்தை அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன். பழைய விரிசலாக இருந்தால் உள்ளே அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். இதுவோ பளிச்சென்று இருந்தது, அதில் நீல பிரஷ் இழை ஒன்று சிக்கியும் இருந்தது. இழையோடு சேர்த்து அருகிலிருந்து ஒரு படம், நம்பர் பிளேட்டும் பின்னால் கார் வாஷும் தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அப்போது வண்டியில் தண்ணீர்கூடக் காயவில்லை. அந்தப் படங்களுக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறியது.

நீங்களும் உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரம், எந்த லைன், யார் வண்டியை உள்ளே அனுப்பினார் என்பதையெல்லாம் நினைவிருக்கும்போதே குறித்துவையுங்கள். டேஷ்கேம் (வண்டிக்குள் மாட்டும் கேமரா) இருந்தால் அந்தப் பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள்.

அந்த போர்டைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். போர்டு மாட்டியதாலேயே எல்லாப் பொறுப்பும் கழன்றுவிடாது. பிரஷ் கோளாறு, சென்சார் பழுது, பணியாளரின் கவனக்குறைவு என்று அவர்கள் பக்கம் தவறு இருந்தால், இப்படிப்பட்ட அறிவிப்பு பல நாடுகளின் சட்டத்தில் முழுப் பாதுகாப்பாக நிற்பதில்லை. ஆனால் 'மிரரை மடக்கவும், ஆன்டெனாவைக் கழற்றவும்' என்று தெளிவாக எழுதியிருந்தும் நாம் செய்யவில்லை என்றால் நம் பக்கம் பலவீனமாகிவிடும். நீங்கள் மிரரை மடக்கியிருந்தீர்களா? மடக்கியிருந்தால் அதை நிர்வாகத்துக்கு எழுதும் புகாரின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கன்வேயரில் இழுத்துச் செல்லும் வகை என்றால் வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். ஆட்டோ ஹோல்டு (நின்ற வண்டியை நகராமல் பிடித்து வைப்பது), தானாக பிரேக் போடும் வசதி, மழை பட்டால் ஓடும் வைப்பர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வண்டி நடுவில் நின்று பின்னால் வருவது மோதலாம், ஓடும் வைப்பர் பிரஷில் மாட்டலாம். அப்படி நடந்திருந்தால் அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

கீறலும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் மெதுவாகத் தடவும்போது தட்டவில்லை என்றால் பெரும்பாலும் மேல்பூச்சோடு நின்றிருக்கும், பாலிஷில் போய்விடும். நகம் மாட்டினால் ஆழம் அதிகம், பெயின்ட் வேலை தேவைப்படலாம். பாலிஷ் போதுமான இடத்தில் முழு பேனலுக்கும் பெயின்ட் கேட்டால் நியாயமான கோரிக்கைகூட அடிபட்டுப்போகும்.

இன்சூரன்ஸை நான் கடைசியில்தான் நினைப்பேன். நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை, கிளெய்ம் எடுக்காததற்காகக் கிடைக்கும் தள்ளுபடி போவது, இரண்டையும் கணக்குப் பார்த்தால் ஒரு மிரருக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. போவதாக இருந்தால், சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேர் செய்துவிடாதீர்கள்.

சரி, நீங்கள் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சிசிடிவி பதிவுகளை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள், பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். தேதி, நேரம், வண்டி எண் போட்டு, 'அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும்' என்று நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். படங்களையும், ஒர்க்‌ஷாப்பில் எழுத்தில் வாங்கிய செலவு மதிப்பீட்டையும் அடுத்த மின்னஞ்சலில் அனுப்பி, பதில் தர ஒரு தேதி குறியுங்கள். அந்தத் தேதி தாண்டினால் நுகர்வோர் புகாருக்கு இந்த இரண்டு மின்னஞ்சல்களையே இணைக்கலாம்.