கணுக்கால் சுளுக்கு: வலி போனதும் ஆடலாமா?

கேட்கப்பட்டது: வாலிபால் ஆடும்போது வலது கணுக்கால் பிசகிப் பத்து நாள்கள் ஆகின்றன, வீக்கம் வடிந்துவிட்டது, நடந்தால் வலியும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஆடலாமா? இதே கால் சென்ற ஆண்டும் ஒரு முறை பிசகியது.

ஆட வேண்டாம் என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லன். இருபது ஆண்டுகளாக மாலை நேரங்களில் வாலிபால் ஆடி, ஒரே கணுக்காலை இரண்டு முறை கெடுத்துக்கொண்டு, பிறகு அதைச் சரிசெய்வதற்காக ஐந்து மாதம் பிசியோதெரபிக்கு அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் முறை, நெட்டுக்கு அருகே எழும்பி எதிரணியின் அடியைக் கைகளால் தடுத்து, அதாவது பிளாக் செய்துவிட்டு இறங்கும்போது, எதிரணியில் ஸ்மேஷ் அடித்தவரின் பாதத்தின் மேல் என் இடது கால் விழுந்து, உள்ளங்கால் உட்புறமாகத் திரும்பியது. அன்றிரவே பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் எண்ணெய் தடவி, கட்டைவிரலால் அழுத்தி உருவி, இறுதியில் பாதத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். மறுநாள் காலை செருப்பு காலில் நுழையவில்லை. எலும்புகளை இணைக்கும் நார் கிழிந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தி உருவுவதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், மது அருந்துவதும் உள்ளே கசியும் இரத்தத்தையும் வீக்கத்தையும் கூட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒன்பதாம் நாள் வலி இல்லை என்று களத்தில் இறங்கினேன். ஐந்து வாரம் கழித்து, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, ஒரு சிறு கல்லின் மேல் கால் வைத்ததற்கே மறுபடியும் பிசகியது.

அதன் பிறகு சந்தித்த பிசியோதெரபிஸ்ட் கணுக்காலைத் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யச் சொன்னார்: வெறுங்காலில், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கண்களை மூடி, ஒற்றைக் காலில் நில்லுங்கள். வலது காலில் முப்பது விநாடி நின்றேன். இடது காலில் ஐந்து எண்ணுவதற்குள் விரல்கள் தரையைப் பிறாண்டின, குதிகால் ஆடியது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வலி என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கால் தான் எங்கே நிற்கிறது என்பதையே மறந்திருந்தது.

காரணம் எளியது. கணுக்காலின் வெளிப்புறத்தில் மூன்று இணைப்பு நார்கள் உள்ளன. பாதம் உள்நோக்கி மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது முன்புறம் உள்ளது. இந்த நார்கள் எலும்புகளைக் கட்டி வைக்கும் கயிறுகள் மட்டுமல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அவற்றில் இருக்கின்றன. கிழிந்த நார் ஒட்டத் தொடங்கி வலி அடங்கிய பின்னும் அந்தச் செய்தி தாமதமாகவே போகிறது; காலின் வெளிப்புறத் தசை சுதாரித்துப் பாதத்தை இழுத்துப் பிடிப்பதற்குள் கால் மடங்கிவிடுகிறது. ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகும் ஆபத்து அடுத்த ஆறு மாதமோ ஓராண்டோ வரை மிகுதி என்று சொல்வதன் பொருள் இதுதான்.

எலும்பு முறிவு இல்லை என்று எப்படி உறுதி செய்துகொண்டீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992 இல் வெளியிட்ட எளிய விதிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளான வெளிக்கணு, உட்கணு ஆகியவற்றின் நுனியையோ, நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரையுள்ள பின்விளிம்பையோ விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். பாதத்தின் சுண்டுவிரல் பக்க விளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ, உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலோ அவ்வாறு வலித்தாலும் வேண்டும். அடிபட்ட உடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் வேண்டும். நொண்டியாவது நான்கு அடி வைத்தால் அது நடந்த கணக்குதான். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் இந்த விதிகளை நம்பி இருந்துவிடக் கூடாது.

முதலுதவியாக ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978 இல் ரைஸ் (RICE) என்று பெயர் சூட்டியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். தம் பெயரால் பரவிய அறிவுரையைத் தாமே திருத்தும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இப்போது ஐஸை வலி குறைவதற்காகத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கிறார்கள். கிரேப் பேண்டேஜும் காலை உயர்த்தி வைப்பதும் தொடர்கின்றன. ஆனால் வலி பொறுக்கும் அளவுக்கு விரைவிலேயே காலை ஊன்றச் சொல்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த பயிற்சி பார்வைக்கு அற்பமானது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, அடுத்த வாரம் அதையே மடித்த போர்வையின் மேல், பிறகு கண்ணை மூடி, பிறகு நண்பர் பந்தை எறிய நான் பிடித்தபடி. இவற்றோடு மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி இறக்குவதும், ரப்பர் பட்டையைக் கட்டிப் பாதத்தை வெளிப்புறமாக இழுப்பதும் உண்டு. களத்துக்குத் திரும்ப அவர் நாள் குறிக்கவில்லை, சோதனைகளைத்தான் குறித்தார். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடும்போது, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளக்க வேண்டும். என் இடது கால் வலதைவிட மூன்று சென்டிமீட்டர் பின்தங்கியிருந்தது. அந்த வித்தியாசம் மறைந்து, ஒற்றைக் காலில் பக்கவாட்டில் நொண்டிக் குதித்து அசையாமல் இறங்க முடிந்த பிறகே பந்தைத் தொட அனுமதித்தார்.

நம் ஆட்டத்துக்கே உரிய தடுப்பு ஒன்றும் உண்டு. ஸ்மேஷ் அடிப்பவரின் பாதத்தில் ஒரு பகுதியாவது நெட்டுக்குக் கீழுள்ள நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டோ அதற்கு நேர் மேலாகவோ இருந்தால், மீதி எதிர்ப்பக்கம் போவதை விதி அனுமதிக்கிறது. பிளாக் செய்தவர் இறங்குவது அந்தப் பாதத்தின் மேல்தான். நார்வே வாலிபால் அணிகளிடையே நடத்தி 1997 இல் வெளியான ஆய்வில், எழும்பும் இறங்கும் முறையைத் திருத்தியும், சமநிலைப் பலகையில் பயிற்சி கொடுத்தும், கணுக்கால் சுளுக்குகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள். முன்னால் பாயாமல் நேர் மேலே எழும்பக் கற்றுக்கொள்வதும், பிளாக்கில் இருவர் சேரும்போது யார் எங்கே இறங்குவது என்று பேசிவைப்பதும் எந்த ஊர்த் திடலிலும் செய்யக்கூடியவை.

உங்களுக்கு இது இரண்டாம் முறை என்பதால், திரும்பிய பிறகும் ஓராண்டாவது லேஸ் கட்டும் வகைக் கணுக்கால் பிரேஸ் அணிந்து ஆடுங்கள். பிசகிய கால்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மூன்று மாதத்துக்குப் பின் கால் நழுவுவது போலவோ, உள்ளே ஏதோ மாட்டுவது போலவோ தோன்றினால், குருத்தெலும்பு சேதமா என்று பார்க்க எலும்பியல் மருத்துவரிடம் காட்டி விடுங்கள்.