சும்மா வந்த டோக்கனும் சும்மா இருக்காத விரலும்

ஈசூன் வாசகி: அண்ணே, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி பேச்சைக் கேட்டு 300 வெள்ளிக்கு ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயம் வாங்கி, அதை வைக்கும் மெட்டாமாஸ்க் வாலட் செயலியில் போட்டு வைத்தேன். போன வாரம் திறந்து பார்த்தால் நான் வாங்காத ஒரு டோக்கன் (அதுவும் ஒரு வகைக் கிரிப்டோவாம்) உட்கார்ந்திருக்கிறது, 1,800 டாலர் மதிப்பாம். அதன் பெயரே ஓர் இணையதள முகவரி. அங்கே போய் வாலட்டை இணைத்தால் பணமாக்கலாமாம். இணைக்கட்டுமா?

வேண்டாம்மா, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். புளோக்குக்குக் கீழே இருக்கும் தபால்பெட்டியிலாவது விளம்பரத் தாள் வராமல் தடுக்கும் வசதி இருக்கிறது, வாலட்டுக்கு அதுகூடக் கிடையாது. முகவரி தெரிந்த யாரும் எதையும் போட்டுவிட்டுப் போகலாம் (என் வாலட்டிலும் இப்படி ஒரு குப்பைக்கூடையே இருக்கிறது). அந்த 1,800 டாலரும் அவர்களே டோக்கனை உருவாக்கி, அவர்களே கொஞ்சம் வாங்கி விற்று ஏற்றிக் காட்டிய விலையாகத்தான் இருக்கும். நீங்கள் விற்கப் போனால் பெரும்பாலும் விற்காது.

வாலட்டை இணைத்த உடனே பணம் போய்விடாது. அடுத்து ஒரு பெட்டி வரும், "உறுதிசெய்" என்று கேட்கும், அங்கேதான் வினை. வெளியே "பரிசைப் பெறு" என்று எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது உங்கள் ஈத்தரை அவர்களுக்கு அனுப்பும் உத்தரவாகவோ, உங்களிடம் உள்ள மற்ற டோக்கன்களை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் அனுமதியாகவோ இருக்கலாம். இப்படி வாலட்டைக் காலி செய்யும் நிரலுக்கு 'டிரெய்னர்' என்று பெயர். 2024 ஜனவரியில் நம் சிங்கப்பூர்க் காவல்துறையே இதைப் பற்றி எச்சரித்தது.

அப்படியென்றால் இலவச டோக்கன் எல்லாமே பொய்யா என்றால், இல்லை. 2010இல் பிட்காயினைப் பரப்புவதற்காக ஓர் இணையதளம் வந்தவர்களுக்கெல்லாம் தலைக்கு 5 பிட்காயின் கொடுத்தது, அன்றைக்கு அதற்குச் சில்லறைக் காசு மதிப்புதான். 2020 செப்டம்பரில், டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப், அந்த மாதம் 1ஆம் தேதிக்கு முன் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு வாலட் முகவரிக்கும் குறைந்தது 400 டோக்கன் ஒதுக்கியது, சில நாளிலேயே அந்த 400இன் மதிப்பு ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் நீங்கள் ஏற்கெனவே செய்ததைப் பார்த்துக் கொடுத்தார்கள், இப்போது பணம் அனுப்பு என்று கேட்கவில்லை. உண்மையான ஏர்டிராப் (இப்படி இலவசமாக டோக்கன் கொடுப்பதற்கு அதுதான் பெயர்) வரும்போதும் அதே பெயரில் போலித் தளங்கள் முளைத்துவிடும், அதனால் வந்த இணைப்பை அழுத்தாமல் அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்துக்கு நீங்களாகவே போங்கள்.

ஏற்கெனவே அழுத்தித் தொலைத்திருந்தால் கொடுத்த அனுமதிகளை உடனே ரத்து செய்யுங்கள். வாலட் திறந்தபோது ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த 12 மீட்புச் சொற்களை எங்காவது தட்டச்சு செய்திருந்தால் ரத்து செய்தும் பயனில்லை, கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை. புது வாலட் திறந்து மிச்சத்தை அங்கே மாற்றிவிடுங்கள், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு தம்பி: டெலிகிராமில் வீடியோ ஒன்று சுற்றுகிறது. பெரிய தலைவரே பேசுகிறார், 200 வெள்ளிக்குக் காயின் அனுப்பினால் 400 வெள்ளிக்குத் திரும்ப வருமாம். கூட இருப்பவர்கள் போட்டுவிட்டார்கள், நானும் போடவா?

போடாதே தம்பி. இதே 'இரட்டிப்பு' கதையை 2020 ஜூலையில் ஒபாமா, இலான் மஸ்க் ஆகியோரின் ட்விட்டர் கணக்குகளைத் திருடிப் போட்டார்கள், சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார்கள். இப்போது கணக்கைத் திருடவே வேண்டாம், முகத்தையும் குரலையும் செய்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில், அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங், தான் கிரிப்டோவை விளம்பரப்படுத்துவது போன்ற போலி வீடியோ உலவுகிறது என்று அவரே மக்களை எச்சரிக்க வேண்டி வந்தது. இன்னொன்று, கிரிப்டோ சேவை நிறுவனங்கள் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்று நாணய ஆணையம் 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது, அப்புறம் எந்தத் தலைவர் வந்து கூவி விற்பார்? சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) விவரம், வங்கிக் கணக்கு எதையும் கொடுத்துவிடாதே. பணம் போட்டவர்களை உடனே வங்கிக்கு அழைக்கச் சொல், சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799.

உட்லண்ட்ஸ் வாசகர்: உண்மையான ஏர்டிராப் கிடைத்தால் வரி கட்ட வேண்டுமா?

எதுவும் செய்யாமல் தானாக வந்த டோக்கனுக்கு, அது வந்த நேரத்தில் வருமான வரி இல்லை என்பதே நம் வரி ஆணையத்தின் வழிகாட்டி. ஏதாவது வேலை செய்து அதற்குக் கூலியாக வாங்கியது வேறு கணக்கு. வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருந்தால் கணக்காளரிடம் கேளுங்கள்.