மேக்கியும் 331 பந்துகளும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளையாட்டு வீரர்களின் சங்கங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடியவர்களில் மிக முக்கியமானவர் ஜான் மேக்கிதான் என்று ஒரு வரி வருகிறது. என் மகன் இங்கே பள்ளி அணியில் டைட் எண்ட் ஆடுகிறான். அந்த வரியை அவனிடம் காட்டினேன். உடனே கணக்கைத் தேடி எடுத்துவிட்டான். மேக்கி பத்து சீசனில் பிடித்தது 331 பந்துகள். அவருக்குப் பின் அதே இடத்தில் ஆடிய டோனி கொன்சாலெஸ் 1,325. டிராவிஸ் கெல்சியும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார். "அப்புறம் எப்படிப்பா இவர்?" என்று கேட்கிறான். மறதி நோயில் கழிந்த மேக்கியின் கடைசிக் காலத்தை நினைத்து இரக்கப்பட்டு எழுதிவிட்டீர்களோ என்று எனக்கும் தோன்றியது.

எஸ்., டல்லாஸ்

அன்புள்ள எஸ்.,

இரக்கம் இல்லை. மேக்கியின் கடைசிப் பத்தாண்டுகள் யாரையும் கலங்க வைக்கும். ஆனால் நான் அப்படி எழுதியது அதற்கு வெகுநாள் முன்பே அவர் செய்து முடித்த இரண்டு காரியங்களுக்காக. ஒன்றை மைதானத்தில் செய்தார், மற்றதை கோர்ட்டில்.

முதலில் மைதானம். உங்கள் மகனுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டைட் எண்ட் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் என்றால் எதிரில் நிற்கும் கனத்த ஆளை முட்டித் தள்ள வேண்டும். பந்தை எறிந்து பிடிக்கும் பாஸ் ஆட்டம் என்றால் அதே ஆளைத் தாண்டி ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். 1960 வாக்கில் முதல் வேலைதான் பெரிதாக இருந்தது. 1961இல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு வந்த மைக் டிட்கா முதல் வருடமே பந்தைப் பிடித்து மொத்தம் 1,076 யார்டு முன்னேறி, இந்த இடத்தில் நிற்பவரும் பந்தோடு ஆட்டத்தைத் திருப்பலாம் என்று காட்டினார். 1963இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மேக்கியை, கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கும் தேர்வில், இரண்டாம் சுற்றில் எடுத்தது. டிட்காவிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. அது வேகம். ஆறடி இரண்டங்குலம், நூறு கிலோவுக்கு மேல். அந்த உடம்பை வைத்துக்கொண்டு முதல் சீசனில், எதிரணி உதைத்து அனுப்பும் கிக்-ஆஃப் பந்துகளை எடுத்து ஓடும் வேலையையும் செய்தார்.

மகனிடம் 331 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். மேக்கி பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் சராசரியாக 15.8 யார்டு கிடைத்தது. கொன்சாலெஸின் சராசரி 11.4. 1966இல் மேக்கி ஒன்பது டச்டவுன் போட்டார், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினார். அதில் ஆறு, 50 யார்டோ அதற்கு மேலோ. பால்டிமோரில் பந்தை எறிந்தவர் ஜானி யுனைடஸ். பந்தை வாங்கிய பிறகான தூரமெல்லாம் பிடிக்க வந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மேக்கி ஓடியது. அந்த ஆண்டு டெட்ராய்ட் அணிக்கு எதிராக ஓடிய ஓட்டத்தின் பழைய படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கும். அதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

அப்போது ஒரு சீசனுக்கு 14 ஆட்டம்தான். கொன்சாலெஸ் 16 ஆட்டம் கொண்ட சீசன்களில் 17 வருடம் ஆடினார். மேக்கி ஆடிய காலத்தில், பந்து பிடிக்க ஓடுகிறவரை வழி நெடுக இடிக்கலாம். ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்று 1978இல்தான் வந்தது. மேக்கி பத்து வருடத்தில் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். கொன்சாலெஸைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் அற்புதமான வீரர். ஆனால் இருவர் கணக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நீங்கள் டல்லாஸில் இருப்பதால் பால்டிமோரும் டல்லாஸும் மோதிய ஐந்தாவது சூப்பர் பவுல் இறுதியாட்டத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். 1971 ஜனவரி, மயாமி. யுனைடஸ் எறிந்த பந்து அவர் அணியின் எடி ஹின்டனின் கையில் பட்டு எகிறுகிறது. டல்லாஸ் வீரர் மெல் ரென்ஃப்ரோவின் விரல் நுனியில் உரசுகிறது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த மேக்கி அதைப் பிடித்து 75 யார்டு டச்டவுன் போடுகிறார். ஒரே அணியின் இருவர் அடுத்தடுத்துத் தொட்டால் அன்று அது செல்லாது. அதனால் ரென்ஃப்ரோவின் விரல் பட்டதா இல்லையா என்று பெரிய சண்டை. நடுவர்கள் பட்டது என்றார்கள். பால்டிமோர் 16-13 என்று ஜெயித்தது.

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிது.

1960களில் ஒரு வீரரின் காண்ட்ராக்ட் முடிந்தாலும் அவர் விடுதலையாகிவிட மாட்டார். வேறு அணி அவரை எடுத்தால், பழைய அணிக்கு என்ன இழப்பீடு என்பதை என்.எஃப்.எல். லீகின் ஆணையர் பீட் ரொசெல் முடிவு செய்வார்; இதைத்தான் ரொசெல் விதி என்றார்கள். 1968இல் டேவ் பார்க்ஸ் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். அதற்கு நியூ ஆர்லியன்ஸ் தான் முதல் சுற்றில் எடுத்த இளம் வீரரையும், அடுத்த வருடத்து முதல் சுற்று வாய்ப்பையும் கொடுக்க வேண்டியதாயிற்று. இதைப் பார்த்த பிறகு எந்த அணி துணிந்து அடுத்த ஆளை எடுக்கும்? போட்டிக்கு ஆள் இல்லை என்றால் சம்பளம் எங்கே ஏறும்?

1970இல் என்.எஃப்.எல்., ஏ.எஃப்.எல். என்ற இரண்டு லீகுகள் ஒன்றானபோது, சேர்ந்த வீரர் சங்கத்துக்கு மேக்கி தலைவரானார். அந்தக் கோடையிலேயே வேலைநிறுத்தம். 1972இல் லீகின் மேல் அவர் பெயரில் வழக்கு போடப்பட்டது. மினியாபொலிஸில் நீதிபதி ஏர்ல் லார்சன் முன் 55 நாள் விசாரணை நடந்தது. 1975 டிசம்பரில், ரொசெல் விதி ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. 1976இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதற்குள் மேக்கி ஆட்டத்தை விட்டே மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசி சீசனை 1972இல் சான் டியேகோ அணிக்கு ஆடியிருந்தார். ஜெயித்த வழக்கால் அவருடைய சம்பளம் ஒரு டாலர்கூட உயரவில்லை.

மற்றவர்களுக்கும் உடனே கிடைத்துவிடவில்லை. 1977 ஒப்பந்தத்தில் சங்கமே வேறொரு இழப்பீட்டு முறைக்கு ஒத்துக்கொண்டது. அது எனக்கு இன்றும் வருத்தம். காண்ட்ராக்ட் முடிந்தவர் நிஜமாகவே வேறு அணிக்குப் போகும் நிலை 1993இல்தான் வந்தது. அப்போதும் அணிகள் ஒரு வீரரை ஒரு வருடம் பிடித்துவைக்கும் ஃபிரான்சைஸ் டேக் என்ற வழி மிஞ்சியது. 2014இல் ஜிம்மி கிரஹாம், தான் பாதிக்கு மேல், பந்து பிடிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட வைட் ரிசீவர் நிற்கும் இடங்களில்தான் நின்றேன் என்று வாதாடினார். ஒப்பந்தத் தகராறைத் தீர்க்க வைத்த மத்தியஸ்தர் அவரை டைட் எண்ட் என்றே தீர்த்தார். அந்த ஆண்டு டேக் போட்டு வைக்கும் வீரருக்கான சம்பளம், வைட் ரிசீவர் என்றால் 1 கோடியே 23 லட்சம் டாலர், டைட் எண்டுக்கு 70 லட்சம். உங்கள் மகன் ஆடும் இடத்துக்கு இன்னும் இருக்கும் விலை வித்தியாசம் இது.

சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் மேக்கிக்கு 1992இல்தான் இடம் கிடைத்தது. அதுதான் வழக்கமான தேர்வில் அவருக்குக் கடைசி வருடம். சங்க வேலைக்கு வைத்த தண்டனை அது என்று பலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்புறம் நோய். முன்மூளையைத் தாக்கும் மறதி நோய் அவருக்கு அறுபது வயதை ஒட்டி வந்தது. அவருடைய ஓய்வூதியம் மாதம் 2,500 டாலருக்கும் கீழே. பராமரிப்புச் செலவு அதைவிடப் பல மடங்கு. மனைவி சில்வியா ஐம்பத்தாறு வயதில் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார், மருத்துவக் காப்பீட்டுக்காக. லீகின் ஆணையருக்கு அவர் எழுதிய கடிதத்தின் பிறகு, 2007இல் லீகும் சங்கமும் '88 திட்டம்' கொண்டுவந்தன. மேக்கியின் சட்டை எண் 88. மறதி நோய் வந்த முன்னாள் வீரர்களுக்கு, காப்பகத்தில் இருந்தால் வருடம் 88,000 டாலர், வீட்டில் என்றால் 50,000 என்று அது ஆரம்பித்தது. மேக்கி 2011 ஜூலையில் 69 வயதில் இறந்தார். போஸ்டன் பல்கலைக்கழகம் அவர் மூளையைச் சோதித்து, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.ஈ. என்ற மூளை நோய் இருந்ததை உறுதி செய்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டைட் எண்ட் தடுக்கும்போதும் இடிபடுகிறார், பிடித்த பிறகும் இடிபடுகிறார். மகன் ஆடட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்தில் எவ்வளவு நேரம் முழு மோதல் பயிற்சி என்று கோச்சிடம் நேரிலேயே கேளுங்கள். டெக்சாஸில் 2011 முதல் சட்டமே இருக்கிறது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் பையனை உடனே வெளியே எடுக்க வேண்டும். மருத்துவர் எழுத்தில் அனுமதி தந்த பிறகே அவன் திரும்ப இறங்கலாம். பெற்றோர் கையெழுத்துப் போடும் படிவமும் உண்டு. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.