சாயம் இறங்குகிறதா?

கேள்வி: 'டிராபிக்ல ஸ்டக் ஆயிட்டேன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு சொல்லில் மூன்று ஆங்கிலம். தமிழில் நடக்கும் இந்தக் கலப்படத்தை நீங்கள் கண்டிக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், அருவங்காடு

பதில்: நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு கலப்படம் என்ற சொல்லை இவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்களே! இங்கே அதற்கு ஒரே பொருள்தான்: தேயிலைத்தூளில் சாயம். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் சிறு விவசாயி ஏற்கனவே நொந்து கிடக்கிறார். (அதைத் தொட்டால் நான் நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். இன்று விட்டுவிடுகிறேன்.)

சாயத்தூளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். அசல் தூள் அவசரப்படாது. வெந்நீர் வரட்டும் என்று மிதந்துகொண்டிருக்கும். சாயத்தூள் போட்ட கையோடு சிவப்பாக இறங்கிவிடும். விருந்தாளி ஒருவர் ஆசையாக வாங்கி வந்த பொட்டலத்தை அவர் கண்ணெதிரிலேயே இப்படிச் சோதித்தேன். அப்புறம் இரண்டு வருஷம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தூள் அசல்தான் என்பது வேறு விஷயம்.

சரி, பஸ் ஸ்டாண்டுக்காரரையும் டம்ளரில் போடுவோம். ஆங்கிலத்தில் வண்டி தானாகக் கிளம்பினாலும் ஸ்டார்ட், நாம் கிளப்பினாலும் ஸ்டார்ட். நமக்கு அது போதாது. வண்டி ஸ்டார்ட் 'ஆச்சு', டிரைவர் ஸ்டார்ட் 'பண்ணினார்'. பள்ளிக்கூடத்தில் தூங்கிக்கொண்டே படித்த தன்வினை, பிறவினை இதுதான். 'பண்ணிக்கோங்க'வுக்குள் ஒரு 'கொள்' ஒளிந்திருக்கிறதே, அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடிப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே 'ஸ்வெட்டர் கிவெட்டர் எடுத்துக்கிட்டியா?' என்று அம்மா கேட்பார். கிவெட்டர் எந்த அகராதியில் இருக்கிறது? வந்த சொல்லுக்கு வேட்டி கட்டி, பந்தியிலும் உட்கார வைத்துவிட்டோம். சாயம் இறங்கவில்லை ஐயா.

அது இறங்குகிற இடம் மேடை. ஆங்கிலம் கலக்காமல் பேசுவதாகப் பெயர் வாங்கியவர் மைக்கைப் பிடித்து, 'இறுதியாக, ஆனால் உறுதியாக' என்பார். கல்வி 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்பார். 'நாம் காண்பது பனிப்பாறையின் நுனி மட்டுமே' என்பார். ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியவை. ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லை, மொத்தமும் ஆங்கிலம். ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் படிந்திருக்கும். அதற்கு நுனி ஏது, அடி ஏது? எந்தக் கப்பல் வந்து அதில் மோதியது?

எங்கள் பழைய பிழைதிருத்துநர் ஞாபகம் வருகிறார். நான் 'டீ' என்று எழுதினால் 'தேநீர்' என்று திருத்துவார். பதினோரு வருஷம் இதே சண்டை. டீக்கடையில் போய் 'ஒரு தேநீர்' என்று கேட்டுப் பாரும், கடைக்காரர் உம்மைச் சினிமாக்காரர் என்று நினைப்பார் என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சீனாவின் ஃபூஜியன் கரையில் 'தே' என்று சொன்ன சொல்லை டச்சுக்காரர்கள் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயரின் டீயும் அதுதான், நம் தேயிலையின் தேயும் அதுதான். ஆக, பதினோரு வருஷமாக அவர் சீனத்தை அடித்துவிட்டுச் சீனத்தையே எழுதியிருக்கிறார்!

விடுவேனா, உடனே போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'நீர் தமிழ்தானே?' என்றார்.

தண்ணீரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.