பதினேழு வயது ஆள்காட்டிகள்

அன்புள்ள ஐயா,

குடும்பத்துடன் ஹேக் நகரில் வசிக்கிறேன். 2025 செப்டம்பரில் நெதர்லாந்தில் 17 வயதுச் சிறுவர்கள் இருவரைக் கைது செய்தார்கள். ரஷ்ய ஆதரவு ஹேக்கர்கள் டெலிகிராம் வழியாக அவர்களை வேலைக்குப் பிடித்ததாகவும், ஒருவன் வைஃபை அலைகளைப் பதிவுசெய்யும் கருவியுடன் ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோல், ஐரோப்பிய நீதித்துறை அமைப்பான யூரோஜஸ்ட், கனடா தூதரகம் ஆகியவற்றை ஒட்டி நடந்ததாகவும் சந்தேகிக்கிறார்கள். என் மகனுக்கு 16 வயது. அவனுக்குத் தெரியாமல் அவன் கைபேசியில் ஒரு கண்காணிப்புச் செயலியைப் போட்டுவைத்திருக்கிறேன். தவறு என்கிறாள் மனைவி. டெலிகிராமைத் தடை செய்தால் என்ன? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பணத்தாசை? நான் செய்தது சரிதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்லும் செய்தியைப் படித்த நாளிலிருந்து இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். டெலிகிராமை மூடினால் இன்னொன்று வரும். அந்தப் பேச்சை விட்டுவிடலாம். ஆனால் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற உங்கள் வரி எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. 2024 டிசம்பரில் கார்கிவ் நகரில் 15, 16 வயதுப் பிள்ளைகளை ரஷ்ய உளவுத்துறை பயன்படுத்தியதாக உக்ரைனின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. புதையல் தேடும் விளையாட்டு என்று சொல்லி, ஓர் இடத்தின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்து, அங்கே போய்ப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். விளையாட வந்த பிள்ளையிடம் என்ன பேராசையைக் கண்டீர்கள்? பணத்துக்காகவே போன பிள்ளைகளும் உண்டு. 2025 மார்ச்சில் உக்ரைனின் இவானோ ஃபிராங்கிவ்ஸ்க் நகரில் 17 வயதுப் பையன் ஒருவன் தான் சுமந்துசென்ற குண்டு வெடித்து இறந்தான். உடன் சென்ற 15 வயதுப் பையன் கால்களை இழந்தான். அதை வெடிக்கச் செய்ததே அவர்களை வேலைக்கு அமர்த்தியவர்கள்தான் என்கிறது உக்ரைன். இதைப் படித்த பிறகும் பிள்ளைகளின் ஆசையைப் பற்றித்தான் பேச வேண்டுமா?

கண்காணிப்பு எவ்வளவு தூரம் வளர்ந்தாலும் ஒரு கட்டடத்தின் வைஃபை அலை வெகுதூரம் எட்டாது. யாராவது அருகே நடந்தாக வேண்டும். கைபேசியுடன் தெருவில் நடக்கும் பதினேழு வயதுப் பையனை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதற்காகத்தான் அவன் அந்த ஹேக்கர்களுக்குத் தேவைப்படுகிறான்.

ரஷ்யாவைத் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. பிரிட்டனில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் காவல்துறை இரகசியத் தகவலாளிகளாக வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஒரு முறை அனுமதித்தால் ஒரு மாதம் என்றிருந்த காலத்தை 2018இல் நான்கு மாதமாக நீட்டினார்கள். ஒரு தொண்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் 2019இல் அதைத் தள்ளுபடி செய்தது. தன்னைப் பாலியல் தொழிலில் தள்ளிய ஒருவனைப் பற்றியே தகவல் சொல்ல 17 வயதுப் பெண்ணொருத்தி அமர்த்தப்பட்ட கதையை அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னார்கள். காப்பாற்றி வெளியே கொண்டுவர வேண்டிய பிள்ளையை அவனிடமே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போதைக் கும்பல்கள் சிறுவர்களைக் கொண்டே தொழில் நடத்துவதால் உள்ளே நடப்பது சிறுவர்களுக்குத்தான் தெரியும் என்பது காவல்துறையின் வாதம். தெரியும்தான். அவர்களை உள்ளேயே வைத்திருக்க அது எப்படி நியாயமாகும்? கும்பலும் அரசும் அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்: யாரிடமும் சொல்லாதே. அன்று முதல் அதற்குத் தாயில்லை, தந்தையில்லை, நண்பனில்லை; ஏவுகிறவன் ஒருவனே உறவு.

நான் படித்த கல்லூரியின் விடுதியில் உணவுக் கட்டணம் கட்ட முடியாத மாணவன் ஒருவன் இருந்தான். கட்டணத்தைத் தள்ளிவைத்த காப்பாளர், அதற்கு ஈடாக இரவில் யார் யார் அறையில் கூடி என்ன பேசுகிறார்கள் என்று வந்து சொல்லச் சொன்னார். விஷயம் வெளியே தெரிந்ததும் பையன்கள் அவனை அடித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவனருகே யாரும் உட்காரவில்லை. ஆண்டின் நடுவிலேயே படிப்பை விட்டுப் போனான். காப்பாளரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பையனின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியின் இரகசியக் காவல்துறையான ஸ்டாசி, பள்ளி மாணவர்களையும் ஆள்காட்டிகளாக வைத்திருந்தது. 1989இல் அதற்குச் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள். அது விட்டுச்சென்ற கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும். அக்கோப்புகளைத் திறந்த 1991ஆம் ஆண்டுச் சட்டம், தன்னைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று அறியும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு அளித்தது. அப்போது அந்த ஆள்காட்டி பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்திருந்தால் மட்டும் அந்த விதி பொருந்தாது. அத்தனை கொடுமைக்குப் பிறகும் பிள்ளையையும் ஏவியவனையும் ஒரே தட்டில் வைக்காத அந்தச் சட்டத்தின்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

உங்கள் செயலிக்கு வருகிறேன். இத்தகைய செயலிகளை விற்கும் நிறுவனங்களிடமிருந்து பிள்ளைகளின் செய்திகளும் படங்களும் பலமுறை கசிந்திருக்கின்றன. அதற்காகவே அதை நீக்கலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நாளை எவனோ உங்கள் மகனுக்குப் பணம் அனுப்பிவிட்டு, 'வெளியே சொன்னால் உன்னைப் போலீசில் மாட்டிவிடுவேன்' என்று மிரட்டினால், அவன் ஓடிவர வேண்டிய இடம் நீங்கள். அவனை மறைந்திருந்து பார்த்தவர் நீங்கள் என்று அவன் தானாகக் கண்டுபிடித்துவிட்டால் எப்படி வருவான்? உங்கள் மனைவி சொன்னதே சரி. இன்றே அவனை உட்காரவைத்து, செயலி இருப்பதைச் சொல்லி, அவன் கண்முன்னே நீக்குங்கள். கோபப்படுவான், பட்டுத் தீரட்டும். பிறகு அந்த இரண்டு பையன்களைப் பற்றி அவனிடம் பேசுங்கள், அவர்களைத் திட்டாமல்.