மஞ்சள் குளிசையும் சீந்தில் பொடியும் ஈரலைப் பாதிக்குமா?

கேள்வி: மூன்று மாதமாகச் சீந்தில் பொடியும் மஞ்சள் குளிசையும் எடுக்கிறேன். இயற்கையானதுதானே, ஈரலுக்கு ஒன்றும் ஆகாதுதானே?

ஆகலாம். எங்கள் வீட்டில் ஆனது.

நாங்கள் திருகோணமலை உப்புவெளி. அம்மாவுக்கு முழங்கால் வலி. கனடாவில் இருக்கிற மாமா அனுப்பிய பார்சலில் மஞ்சள் குளிசை இரண்டு போத்தல் வந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டாவது போத்தல் பாதியாகும்போது சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளம், உடம்பெல்லாம் கடி (அரிப்பு). சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது. கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"வேற என்ன மருந்து எடுக்கிறீங்கள் அம்மா?" என்று டொக்டர் கேட்டார். "பிரஷர் குளிசை மட்டும்தான்." அடுத்த நாள் வேறொருவர் கேட்டபோதும் அதே பதில். அம்மா பொய் சொல்லவில்லை. மஞ்சளை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஈரல் பாதிப்பைக் காட்டுகிற இரத்த அளவான ஏஎல்டி, 40 சொச்சத்துக்குள் இருக்கவேண்டியது, 1,000ஐத் தாண்டி நின்றது. வைரஸ் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த பிறகு, மூன்றாம் நாள் அக்கா பேச்சுவாக்கில் போத்தலைப் பற்றிச் சொன்னார். (இதற்கிடையில் பக்கத்து வீட்டு மாமி, செங்கமாரிக்கு (மஞ்சள் காமாலைக்கு) என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக்கொண்டு வார்ட்டுக்கே வந்துவிட்டார். மாமியைச் சமாளித்து அனுப்பியது தனிக்கதை.)

கறிக்குப் போடுகிற மஞ்சளில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். குளிசையில் வருவது அதன் சாரம், கூடவே மிளகுச் சத்து. மிளகின் பிப்பரின், மஞ்சளின் குர்க்குமின் இரத்தத்தில் சேர்வதைச் சுமார் 20 மடங்கு கூட்டும் என்று 1998இலேயே பெங்களூரில் காட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் கேடு வராது. மஞ்சளால் ஈரல் பாதித்த 10 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அது நமக்கு இருக்கிறதா என்று யார் பார்த்துவிட்டுக் குடிக்கிறோம்?

சீந்திலும் அப்படித்தான். கொரோனா காலத்தில் அதைக் குடித்துவிட்டு ஈரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது வேறு சீந்தில் இனமாக இருக்கலாம் என்று பாரம்பரிய வைத்தியத்துக்கான இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. சரி, பொடியாக வாங்குகிற நமக்கு எந்தக் கொடி என்று எப்படித் தெரியும்? 1981இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், கிலுகிலுப்பையிலும் நாம் தேத்தண்ணி போலக் குடிக்கிற ஆவரையிலும்கூட ஈரலைத் தாக்கும் அல்கலாய்டு என்ற தாவர வேதிப்பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்ல வரவில்லை. இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் அது பட்டப்படிப்பு. படித்தவர் ஆளைப் பார்த்து அளவு சொல்வார், வேறு என்ன குடிக்கிறீர்கள் என்றும் கேட்பார். பார்சல் போத்தல் கேட்காது.

நான் டொக்டர் இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டையும் இன்றைக்கே நிறுத்திவிட்டு, ஈரல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பேன். போகும்போது போத்தலையும் பொடிப் பையையும் கையோடு கொண்டுபோங்கள். கடியோ சிறுநீர் நிற மாற்றமோ இருந்தால் நாளை என்று தள்ள வேண்டாம்.

அம்மாவின் ஏஎல்டி இறங்கப் பத்து வாரம் எடுத்தது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.